ஃப்ளைட் ஃபுல்லுங்க... முன்னாடியா, பின்னாடியா?

கோவையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில் ஒரு காலத்தில் பிசினஸ் கிளாஸ் இருந்தது. இன்றைக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். அப்போது அந்தத் தடத்தில் பறந்தது சில்க்ஏர். அவர்களுடைய ஏர்பஸ் ஏ320-ல் முன்னால் 12 இருக்கை, பின்னால் 138, ஆக மொத்தம் 150. 2019-ல் தடம் ஸ்கூட் கைக்கு மாறியது. அதே ஏ320-தான், ஆனால் உள்ளே 180 இருக்கை. அத்தனையும் எகனாமி.

அதற்காக இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. 12 போய் 30 கூடியது, லாபம்தானே என்று விட்டுவிட்டோம். நானும் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் டிக்கெட் போடுகிற வேலை பார்ப்பவன். தினமும் காதில் விழுகிற ஒரே வார்த்தை "ஃபுல்". காலை சென்னை ஃப்ளைட் ஃபுல், தீபாவளிக்கு ஃபுல், டெல்லி ஃபுல். எந்த கேபின் ஃபுல் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் நம்ம கொங்கு வட்டாரத்தின் விமானக் கதையே வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாக எழுதப்போகிறேன்.

ஒரே ஒரு சதவீதம்

விமானம் எவ்வளவு நிரம்புகிறது என்பதற்கு லோடு ஃபேக்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 180 இருக்கையில் 150 பேர் உட்கார்ந்தால் 83 சதவீதம். ஒரு விமானத்துக்கு அவ்வளவுதான். பல தடங்களைச் சேர்க்கும்போது தூரத்தையும் பெருக்கிக்கொள்வார்கள், ஏனென்றால் சென்னைக்குக் காலியாகப் போன ஒரு சீட்டும் லண்டனுக்குக் காலியாகப் போன ஒரு சீட்டும் ஒரே நஷ்டம் ஆகாது.

உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா சொல்லும் கணக்குப்படி 2019-ல் உலக சராசரி 82.6 சதவீதம். கொரோனா ஆண்டான 2020-ல் அது 65-ஐ ஒட்டி விழுந்தது. 2024-ல் 83.5. அதுவரை எந்த முழு ஆண்டிலும் விமானங்கள் அவ்வளவு நிரம்பியதில்லை.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. 1970-களில் அமெரிக்காவில் டிக்கெட் விலையை அரசு வாரியம்தான் நிர்ணயித்தது. விமானம் 55 சதவீதம் நிரம்பும் என்று வைத்துக்கொண்டு விலை போட்டார்கள். கிட்டத்தட்ட பாதி விமானம் காலியாகப் பறப்பதை அரசே இயல்பென்று ஏற்றுக்கொண்ட காலம் அது. 1978-ல் அந்தக் கட்டுப்பாடு போனது, விலைப் போட்டி வந்தது, சீட்டுகள் நிரம்ப ஆரம்பித்தன. நம்ம நாட்டில் 1953 முதல் அரசு நிறுவனங்கள் மட்டுமே பறக்கலாம் என்று இருந்த சட்டம் 1994-ல்தான் ரத்தானது. 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தபிறகுதான் பஸ்ஸில் போகிறவரும் விமானத்தை எட்டிப் பார்த்தார்.

ஆக, ஐம்பது வருஷத்தில் விமானங்கள் நிரம்பியிருக்கின்றன. ஆனால் நிரப்பியது யார்? பெரும்பாலும் பின் கேபின்காரர்கள்.

உள்ளே பிரித்துப் பார்த்தால்

ஏர் இந்தியாவில் மூன்று வகுப்பு கொண்ட ஏ320 இருக்கிறது. விஸ்தாரா பறந்த காலத்திலும் இதே அமைப்புதான். முன்னால் பிசினஸ் 8, அடுத்து பிரீமியம் எகனாமி 24, பின்னால் எகனாமி 132, மொத்தம் 164. ஒரு நாள் இதில் பிசினஸில் 4 பேர், பிரீமியத்தில் 20 பேர், எகனாமியில் 125 பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 149 பேர், 91 சதவீதம். பேப்பரில் பார்க்கிறவர் "அடேயப்பா, ஃபுல்" என்பார். ஆனால் முன் கேபின் பாதி காலி.

இப்போது பணக் கணக்கைப் பாருங்கள். கணக்குக்காக எகனாமி சராசரி 6,000 ரூபாய், பிரீமியம் 9,000, பிசினஸ் 25,000 என்று போடுவோம். எகனாமியில் 7,50,000 வரும், பிரீமியத்தில் 1,80,000, பிசினஸில் 1,00,000. முன்னால் உட்கார்ந்த அந்த 4 பேர் ஆட்கணக்கில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை, வசூலில் பத்தில் ஒரு பங்கு. நீண்ட தூர விமானங்களில் இது இன்னும் கூடும். கொரோனாவுக்கு முன் சர்வதேசப் பயணிகளில் முன் வகுப்பில் போனவர்கள் சுமார் 5 சதவீதம், வருவாயில் அவர்கள் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி என்று ஐயாட்டா கணக்குச் சொன்னது.

அதனால் இரண்டு கேபினும் வைத்திருக்கும் விமான நிறுவனத்துக்குப் பின் கேபின் நிரம்பினால் பிழைப்பு ஓடும், முன் கேபின் நிரம்பினால்தான் லாபம். ஜெட் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் அது மூடப்படும் காலத்திலும் அதன் விமானங்கள் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பித்தான் பறந்தன. ஆள் இருந்தது, ஆளுக்கு வந்த காசு பத்தவில்லை.

நம்ம நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ மாதா மாதம் ஒவ்வொரு நிறுவனத்தின் உள்நாட்டு லோடு ஃபேக்டரையும் வெளியிடுகிறது. நல்ல விஷயம். ஆனால் வகுப்புவாரியாக அதில் எதுவும் கிடையாது.

அதே சீட்டு, வேற எழுத்து

எங்கள் முதலாளியோடு அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

"ஏப்பா, நாளைக்குக் காலையில சென்னைக்கு ஒரு டிக்கெட் போடு."

"ஒம்பதாயிரம் காட்டுதுங்கண்ணா."

"போன வாரம் மூவாயிரத்து ஐநூறுன்னு சொன்னியே!"

"அது அடுத்த மாசத் தேதிக்குப் பார்த்ததுங்கண்ணா. நாளைக்குன்னா இதுதானுங்க."

"ரெண்டும் அதே சீட்டுதானே?"

"சீட்டு அதேதானுங்க, எழுத்துதான் வேற."

டிக்கெட்டில் வகுப்பு என்ற இடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். எகனாமி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதை நிறுவனங்கள் பத்துப் பதினைந்து எழுத்துகளாக உடைத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு விதி, ஒரு அளவு. மலிவு எழுத்து தீர்ந்தால் அடுத்தது திறக்கும்.

மலிவாக எத்தனை விற்கலாம், எத்தனையைக் கடைசி நேரத்துக்காரருக்குப் பிடித்து வைக்கலாம்? இதற்கு 1972-ல் பிரிட்டிஷ் நிறுவனமான பிஓஏசி-யில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு விதி எழுதினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். மேலே சொன்ன விலையிலேயே பார்ப்போம். மலிவு 3,500, கடைசி நேர விலை 9,000. 3,500-ஐ 9,000-ஆல் வகுத்தால் 0.39. அந்த ஒரு சீட்டுக்கு 9,000 கொடுக்க ஆள் வரும் வாய்ப்பு 39 சதவீதத்துக்கு மேல் என்று தெரிந்தால் மலிவாக விற்காதே, பிடித்து வை. அதற்குக் கீழே என்றால் வந்த விலைக்குத் தள்ளிவிடு.

திருப்பூர்க்காரருக்கு இது சட்டென்று புரியும், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. பையர் கேன்சல் செய்த ஆர்டரில் தேங்கிய டி-ஷர்ட்டை அடுத்த மாதம்கூட காதர்பேட்டைச் சந்தையில் ஸ்டாக் லாட்டாகத் தள்ளலாம், பாதி விலையாவது வரும். விமானத்தின் கதவைச் சாத்திய பிறகு காலி சீட்டுக்குக் காதர்பேட்டை கிடையாது. அதனால்தான் மலிவு டிக்கெட்டை முன்னாலேயே விற்றுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கால் இரண்டு கேபினும் வெவ்வேறு வேகத்தில் நிரம்புகின்றன. கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் போகிறவர்கள் வாரக்கணக்கில் முன்னாலேயே பின் கேபினை நிரப்பிவிடுவார்கள். முன் கேபினோ கடைசிச் சில நாட்களில்தான் அசையும். பையர் திடீரென்று மீட்டிங் வைப்பார், சாம்பிளோடு ஓட வேண்டியிருக்கும். அந்த அவசரக்காரருக்காகவே முன் சீட்டுகளை முழு விலையில் காலியாகப் பிடித்து வைத்திருப்பார்கள். முன் கேபின் கொஞ்சம் காலியாகப் பறந்தாலும் நிறுவனத்துக்குக் கவலையில்லை.

உலகம் தும்மினாலும் முதலில் காலியாவது முன் கேபின்தான். 2008-ல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபின், 2009-ன் முதல் பாதியில் பல மாதங்கள் சர்வதேச முன் வகுப்புப் பயணம் முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எகனாமி அவ்வளவு விழவில்லை. முன்னால் போனவர்களில் பலர் பயணத்தை நிறுத்தவில்லை, பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் தெருவிலும் அதைத்தான் பார்த்தேன். பயணம் நிற்கவில்லை, வகுப்பு இறங்கியது.

முன் கேபின் நம்மை விட்டுப் போன கதை

முழுக்க முழுக்க பிசினஸ் கிளாஸ் மட்டும் வைத்து ஒரு விமான நிறுவனம் நம்ம தமிழ்நாட்டில் ஓடியது. நடத்தியது மதுரை மில் குடும்பம் ஒன்று. பாரமவுண்ட் ஏர்வேஸ், எம். தியாகராஜன் 2005-ல் தொடங்கியது. இந்தியாவில் எம்ப்ரேயர் 170, 175 ரக விமானங்களை முதலில் ஓட்டியவர்கள் அவர்கள்தான். ஒரு விமானத்தில் 70, 75 இருக்கைகள், எல்லாமே முன் கேபின் தரம். விலையோ மற்ற நிறுவனங்களின் முழு எகனாமி விலைக்குப் பக்கத்தில். சென்னை, கோவை, மதுரை என்று தென்னகத்து வியாபாரிகளைக் குறிவைத்தே பறந்தார்கள். 2010-ல் விமானக் குத்தகைக்காரர்களோடு தகராறு முற்றி நின்றுபோனது. ஆள் வராமல் மூடிய கம்பெனி இல்லை அது.

2012-ல் கிங்ஃபிஷர் போனது. 2019-ல் ஜெட் போனது. அதே ஆண்டு சில்க்ஏர் இடத்துக்கு ஸ்கூட் வந்தது. 2017-ல் கொழும்புக்குப் பறக்க ஆரம்பித்த ஸ்ரீலங்கனும் பிறகு நிறுத்திக்கொண்டது. இப்போது கோவையிலிருந்து வெளிநாடு போக சிங்கப்பூருக்கு ஸ்கூட், சார்ஜாவுக்கு ஏர் அரேபியா, அபுதாபிக்கு இண்டிகோ. ஒன்றிலும் பிசினஸ் கேபின் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வந்து போகும் விமான நிலையத்தின் நிலைமை இது. உள்நாட்டில் முன்னால் உட்கார வேண்டுமென்றால் ஏர் இந்தியா பக்கம்தான் பார்க்க வேண்டும். இண்டிகோ 2024 நவம்பரில் 12 பெரிய இருக்கைகளோடு ஸ்ட்ரெச் என்று ஒரு முன் கேபினைத் தொடங்கியது, அதுவும் டெல்லி–மும்பைத் தடத்தில்.

சென்னைக்கு இன்னொரு போட்டியும் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் கோவை–சென்னை வந்தே பாரத் திருப்பூரிலேயே நின்று போகிறது. ஒன்பதாயிரம் என்று நான் சொன்னதும் முதலாளி பாதி நாள் சொல்லும் பதில், "விடு, வந்தே பாரத்துலயே போட்டுரு. மதியத்துக்குள்ள போயிரலாம்." வீட்டிலிருந்து பீளமேடு விமான நிலையம் போகும் ஐம்பது கிலோமீட்டரும் மிச்சம்.

அரசு விலைக்குக் கடிவாளம் போட்டபோது

கொரோனா ஊரடங்கில் நின்ற உள்நாட்டு விமானங்கள் 2020 மே 25-ல் மறுபடி பறக்க ஆரம்பித்தபோது பறக்கும் நேரத்தை வைத்து ஏழு பிரிவாகப் பிரித்து எகனாமிக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச விலை வைத்தார்கள். 40 சதவீத சீட்டுகளை அந்த இரண்டுக்கும் நடு விலைக்குக் கீழே விற்க வேண்டும் என்றும் விதி. எத்தனை விமானம் பறக்கலாம் என்பதும் முதலில் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான். விலைக்கட்டுப்பாடு 2022 ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. கீழ் விலையும் மேல் விலையும் அரசு கைக்குப் போனதால் எழுத்து விளையாட்டுக்கு இடம் சுருங்கியது.

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது மறுபடி வரம்பு வந்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்றார்கள். கோவை–சென்னை அதற்குள்தான் வரும். ஆனால் அந்த வரம்பு பிசினஸ் கிளாஸுக்குப் பொருந்தவில்லை. பின் கேபினைப் பொதுமக்கள் சமாச்சாரமாகவும் முன் கேபினை வியாபாரமாகவும் அரசு பார்க்கிறது. ஜிஎஸ்டியிலும் அதே பார்வை. எகனாமிக்கு 5 சதவீதம். மற்ற வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18. கம்பெனி வேலையாகப் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் இந்த வரியைக் கிரெடிட் எடுக்கலாம். பல ஆபீஸில் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன் கேபினுக்குக் காசு வாங்கிவிட்டு உங்களைப் பின்னால் தள்ளினால், 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் உள்ள டிஜிசிஏ விதிப்படி உள்நாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

நம்ம சீட்டு கொச்சிக் கணக்கில்

ஜெர்மனிக்குப் பையரைப் பார்க்கப் போகும்போது எங்கள் முதலாளி சொல்லும் வாசகம்: "போறப்ப முன்னாடி போடு, வர்றப்ப பின்னாடி போதும்." காலையில் இறங்கியதும் காஸ்டிங் ஷீட்டோடு நேராகப் பையர் ஆபீஸுக்குப் போக வேண்டும், அதனால் போகும்போது தூக்கம் முக்கியம். வரும்போது ஆர்டர் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும் எந்த சீட்டிலும் தூக்கம் வந்துவிடும்.

அந்த முன் சீட்டு எங்கே போடப்படுகிறது? பெரும்பாலும் கொச்சியில். பாலக்காடு வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் காரில் நெடும்பாசேரி போய், அங்கிருந்து எமிரேட்ஸில் துபாய், அப்புறம் ஜெர்மனி. இல்லையென்றால் பெங்களூர், சென்னை. எமிரேட்ஸ் இந்தியாவில் ஒன்பது ஊர்களுக்குப் பறக்கிறது. கோவை அதில் இல்லை. எந்த ஊருக்குப் பறக்கலாம் என்பதற்கு இந்தியாவோடு துபாய்க்கு ஒரு ஒப்பந்தம், சார்ஜாவுக்கு வேறு ஒப்பந்தம். அதனால் ஏர் அரேபியா கோவைக்கு வர முடிகிறது, எமிரேட்ஸால் முடியாது. இந்தியா–துபாய் சீட் அளவும் 2014-ல் ஒத்துக்கொண்ட வாரத்துக்கு 65,200 என்பதைச் சுற்றியே நின்றது.

இதில் சிக்கல் என்னவென்றால், திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் ஆட்கள் முன் கேபினுக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் கொச்சி, பெங்களூர், சென்னைக் கணக்கில் ஏறுகிறது. கோவைக் கணக்கைத் திறந்து பார்க்கும் ஒரு விமான நிறுவனத்துக்குத் தெரிவது பின் கேபின் மட்டும். கடையில் வைக்காத சரக்குக்கு விற்பனைக் கணக்கு எப்படி வரும்? "அந்த ஊரில் பிசினஸ் கிளாஸுக்கு ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

நம்ம பக்கத்துத் தப்பும் இருக்கிறது. சில்க்ஏரில் அந்த 12 சீட் இருந்த காலத்தில் "நாலு மணி நேரத்துக்கு எதுக்கு அவ்வளவு காசு" என்று பின்னாலேயே போனவர்கள் நம்மில் நிறைய. கொச்சியில் ஏறும்போது மட்டும் முன்னால் உட்கார்ந்தால் நம்ம ஊருக்கு முன் கேபின் வராது. ஓடுதளத்தை நீட்டுவது, புதிய டெர்மினல், நில எடுப்பு என்று பேசுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் ஓடுதளம் நீண்டால் மட்டும் நீண்ட தூர விமானம் வந்துவிடாது. முன் கேபின் நிரம்பும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வரும்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நம்ம ஆபீஸ் ஃபைல்களிலேயே கிடக்கிறது. 12 சீட் கொண்ட முன் கேபின் தினமும் ஒரு முறை கிளம்பினால் ஆண்டுக்கு 4,380 சீட். நான்கு மாவட்டங்களும் சேர்ந்து அதை நிரப்புமா நிரப்பாதா என்பது எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எக்ஸ்போர்ட் ஆபீஸில் டிக்கெட் போடுகிற நண்பர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு எக்செல் ஷீட் திறந்து ஒவ்வொரு வெளிநாட்டு டிக்கெட்டுக்கும் நான்கே விவரம் எழுதுங்கள்: தேதி, எந்த விமான நிலையத்தில் ஏறினார், கடைசியாக எந்த ஊரில் இறங்கினார், எந்த வகுப்பு. பெயர் வேண்டாம், விலைகூட வேண்டாம். ஒரு வருஷக் கணக்கைத் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்திடம் கொடுங்கள், சங்கம் அதைத் தொகுத்து விமான நிறுவனங்களிடமும் டெல்லியிலும் வைக்கட்டும். "எங்களுக்கு ஃப்ளைட் வேணும்" என்று மனு கொடுப்பதைவிட, "எங்கள் ஆட்கள் இத்தனை பேர் உங்கள் முன் கேபினில் வேறு ஊரிலிருந்து ஏறுகிறார்கள்" என்று காட்டுவதற்குத்தான் மதிப்பு அதிகம்.